கடை அப்பாவுடையது, பான் உங்களுடையது: வெளியே வர எந்த வழி?

கடைப் பலகையின் ஓரத்தில் ஜிஎஸ்டி எண் எழுதியிருக்கும். மொத்தம் 15 இலக்கம். கடை கடலூரில் என்றால் 33-இல் தொடங்கும், புதுச்சேரியில் என்றால் 34. அந்த இரண்டையும் தள்ளிவிட்டு அடுத்த பத்து எழுத்தைப் படியுங்கள். அது உங்கள் பான் எண்ணாக இருந்தால், கல்லாவில் யார் உட்கார்ந்தாலும், கொள்முதலை யார் பேரம் பேசினாலும், சட்டத்தின் கணக்கில் முதலாளி நீங்கள். தனிநபர் உரிமைத் தொழிலில் கடைக்கும் ஆளுக்கும் நடுவே சுவர் கிடையாது. கடையின் பாக்கி உங்கள் சம்பளக் கணக்கு வரை நடந்து வரும்.

இப்படி ஆவதற்குக் காரணங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். அப்பாவின் சிபில் (கடன் மதிப்பெண்) கெட்டிருக்கும். அல்லது அவருடைய பழைய ஜிஎஸ்டி எண் ரத்தாகியிருக்கும், அவர் அரசு வேலையில் இருப்பார், மானியக் கடனுக்கு மகளின் பெயர் தோதாக இருந்திருக்கும். உங்கள் விஷயத்தில் எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கீழே சொல்லும் வழிகளில் எது அடைபடும் என்பதை அந்தக் காரணமே தீர்மானிக்கும். அம்மாவோ அண்ணனோ நடத்தினாலும் இதே கணக்குதான்.

## முடிவுக்கு முன்: உங்கள் பெயரில் என்னென்ன ஓடுகிறது

ஒரு மாலை நேரத்தில் இதைப் பார்த்துவிடலாம். ஜிஎஸ்டி இணையதளத்தில் பான் எண்ணைப் போட்டுத் தேடினால் அந்தப் பானில் உள்ள எல்லாப் பதிவுகளும் வரும். 33 ஒன்று, 34 ஒன்று என இரண்டு வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். பண்ருட்டியில் கிடங்கும் புதுச்சேரியில் கடையும் வைத்திருப்பவர்களுக்கு அப்படித்தான் இருக்கும். அதே தளத்தில் ஒவ்வொரு எண்ணுக்கும் எந்த மாத ரிட்டர்ன் தாக்கலாகியிருக்கிறது என்பதையும் லாகின் இல்லாமலே பார்க்கலாம்.

அடுத்து வருமான வரித் தளத்தில் ஏஐஎஸ் என்ற ஆண்டுத் தகவல் அறிக்கையை இறக்குங்கள், ஜிஎஸ்டி விற்பனைத் தொகை அதிலேயே இருக்கும். சிபில் அறிக்கையில் தொழில் கடன், ஓடி (ஓவர்டிராஃப்ட்), நகைக்கடன் எல்லாம் தெரியும். உத்யம் என்ற சிறுதொழில் பதிவு, உணவுப் பாதுகாப்பு உரிமம், நகராட்சி உரிமம், கடை மின் இணைப்பு, வாடகை ஒப்பந்தம் ஆகியவை யார் பெயரில் என்று குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வெற்றுச் செக்குகள் எத்தனை, எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை என்பதும் அந்தத் தாளில் வர வேண்டும்.

கொள்முதல் பில், விற்பனைப் பதிவேடு, வங்கி அறிக்கை எல்லாவற்றையும் இப்போதே நகலெடுத்து வையுங்கள். சண்டை முற்றிய பிறகு லெட்ஜர் உங்கள் கைக்கு வராது. ஆனால் ஆண்டு ரிட்டர்ன் கெடுவிலிருந்து 72 மாதங்கள் கணக்கைப் பாதுகாக்கும் கடமை பதிவுதாரரான உங்களுடையது.

## எதை வைத்து எடைபோடுவது

நான்கு கேள்விகள் போதும். புதிய பாக்கி உங்கள் மேல் ஏறுவது எந்தத் தேதியில் நிற்கும்? அதற்கு அப்பாவின் கையெழுத்து வேண்டுமா? உள்ளீட்டு வரி (கொள்முதலில் கட்டி, விற்பனை வரியில் கழித்துக்கொள்ளும் வரி), மானியம், வங்கிக் கடன் ஆகியவற்றில் எது கைவிட்டுப் போகும்? வீட்டில் என்ன உடையும்?

"பழைய பாக்கி தீருமா" என்ற கேள்வியை வேண்டுமென்றேதான் சேர்க்கவில்லை. எந்த வழியிலும் தானாகத் தீராது. பெயரை எடுத்தாலும், கடையை மூடினாலும், அப்பாவுக்கு மாற்றினாலும், நேற்று வரை உங்கள் பானில் ஏறியது உங்கள் பானில்தான் நிற்கும். 2024-25 முதலான ஆண்டுகளுக்கு, ஆண்டு ரிட்டர்ன் கெடு முடிந்து 42 மாதம் வரை ஜிஎஸ்டி நோட்டீஸ் வரலாம். ஆகவே வழிகளுக்குள் உண்மையான வித்தியாசம் அந்த நிறுத்தத் தேதியில்தான் இருக்கிறது.

## வழி 1: பெயர் அப்படியே, கடிவாளம் உங்கள் கையில்

தொழில் லாபத்தில் ஓடுகிறது, ரிட்டர்ன்கள் சரியாக இருக்கின்றன, கடன் முடிய ஒன்றிரண்டு வருடம்தான் பாக்கி, அப்பாவுடன் பேச்சுவார்த்தை நன்றாக இருக்கிறது என்றால் இது போதும்.

ஜிஎஸ்டி, வங்கி, வருமான வரி மூன்றிலும் மொபைல் எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதாக மாற வேண்டும். இதைத்தான் முதல் வேலையாகச் செய்ய வேண்டும். நோட்டீஸை ஜிஎஸ்டி தளத்தில் ஏற்றினாலே உங்களிடம் சேர்ப்பித்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். அது அப்பாவின் போனில் படிக்கப்படாமல் கிடந்து, கடைசியில் உங்கள் கணக்கிலிருந்து வரிப்பாக்கியைக் கட்டச் சொல்லும் டிஆர்சி-13 வங்கிக்குப் போய், உங்கள் கணக்கு முடங்கிய அன்றுதான் பலருக்கு விஷயமே தெரிகிறது. லாகினே உங்களிடம் இல்லையென்றால் அடையாளச் சான்றுகளோடு உங்கள் பகுதி ஜிஎஸ்டி அதிகாரியிடம் எழுதிக் கொடுங்கள். அவர் புதிய மொபைலையும் மின்னஞ்சலையும் ஏற்றி, கடவுச்சொல்லைப் புதுப்பித்துத் தருவார்.

பிறகு முத்திரைத்தாளில் ஒரு ஒப்பந்தம் போடுங்கள். அதில் அப்பா சம்பளத்துக்கு வேலை செய்யும் மேலாளர். மாதாமாதம் 8-ஆம் தேதிக்குள் விற்பனை, கொள்முதல் விவரம் உங்களிடம் வர வேண்டும், ஏனென்றால் விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டிஆர்-1-க்குக் கெடு 11-ஆம் தேதி, வரி கட்டும் 3பி-க்கு 20-ஆம் தேதி. வங்கியில் அவருக்குத் தொகை உச்சவரம்போடு கூடிய அதிகாரம் மட்டும் இருக்கட்டும். பொது அதிகாரப் பத்திரம் வேண்டாம். குறிப்பிட்ட காரியத்துக்கு மட்டும் எழுதுங்கள். முகவருக்கே (இங்கே அப்பாவுக்கே) அந்தச் சொத்தில் உரிமை இருப்பதுபோல வாசகம் அமைந்துவிட்டால், ஒப்பந்தச் சட்டம் 202-ஆம் பிரிவு அதை ரத்து செய்ய விடாது.

இதன் மறைவான செலவு வருமான வரியில் இருக்கிறது. நீங்கள் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவராக இருந்து ஐடிஆர்-1 போட்டு வந்தால் அது தவறான படிவம். தொழில் வருமானம் உள்ளவர் ஐடிஆர்-3 அல்லது 4 போட வேண்டும். கடையின் லாபம் உங்கள் சம்பளத்தோடு சேர்ந்து வரி அடுக்கை உயர்த்தும். நீங்கள் வீட்டுக்கடன் கேட்கும்போது கடையின் ஓடி உங்கள் தகுதியைத் தின்றுவிடும்.

அப்பா "எழுதித் தர்றேன், எல்லாப் பாக்கியும் என் பொறுப்பு" என்று ஈட்டுறுதிப் பத்திரம் தர முன்வரலாம். வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அதன் மதிப்பு உங்கள் இருவருக்குள் மட்டும்தான். வரி அலுவலகத்தையும் வங்கியையும் அது கட்டுப்படுத்தாது. அவர் பெயரில் உள்ள மனையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் உங்களுக்கு அடமானமாகப் பதிவு செய்து கொடுத்தால்தான் அந்தத் தாளுக்குப் பல் முளைக்கும்.

## வழி 2: அப்பா பெயருக்கு முறைப்படி மாற்றுவது

அப்பாவும் சம்மதித்தால் இதுதான் சுத்தமான வழி. ஆனால் ஜிஎஸ்டி பதிவில் பானை மாற்ற முடியாது. அவர் பானில் புதிய எண் வாங்கி, தொழிலை அதற்கு மாற்ற வேண்டும். வரிசை தப்பினால் பணம் போய்விடும்:

1. அப்பா பெயரில் புதிய ஜிஎஸ்டி எண்.
2. சொத்து, சரக்கு, கடன் எல்லாம் சேர்த்துத் தொழில் மாற்று ஒப்பந்தம். ஓடும் தொழிலை முழுதாக மாற்றினால் அந்த மாற்றத்துக்கு ஜிஎஸ்டி இல்லை.
3. கடன்பொறுப்புகளும் சேர்ந்தே மாறுகின்றன என்று ஆடிட்டர் சான்று.
4. மீதமுள்ள உள்ளீட்டு வரியை மாற்றும் ஐடிசி-02 படிவம், உங்கள் லாகினில். அப்பா அவர் லாகினில் அதை ஏற்க வேண்டும்.
5. அதன்பிறகே உங்கள் எண்ணை ரத்து செய்யும் ஆர்இஜி-16.

ஐந்தாவதை முதலில் செய்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். பதிவு ரத்தாகும்போது இருப்புச் சரக்கின் மேல் எடுத்த உள்ளீட்டு வரியைத் திருப்பிக் கட்ட வேண்டும். அதுவே ஐடிசி-02 வழியாகப் போயிருந்தால் அப்பாவின் கணக்கில் ஏறியிருக்கும். கடையில் பத்து லட்சத்துக்குச் சரக்கு, வரி 18 சதவீதம் என்றால், வரிசை மாறியதற்கான விலை 1,80,000 ரூபாய்.

மாற்றிய தேதிக்கு முந்தைய வரி, வட்டி, அபராதத்துக்கு நீங்களும் அப்பாவும் சேர்ந்தும் தனித்தனியாகவும் பொறுப்பு. இது ஜிஎஸ்டி சட்டத்தின் 85-ஆம் பிரிவு. உங்களுக்கு இது நல்லதுதான். இதுவரை உங்கள் கழுத்தை மட்டும் பிடித்த கை இனி அவரையும் பிடிக்கும்.

இந்த வழி முட்டி நிற்கிற இடம் வங்கி. கடனை அப்பா பெயருக்கு மாற்ற வங்கி சம்மதிக்க வேண்டும், அவர் சிபிலைப் பார்க்கும். அந்த சிபில் சரியில்லாததால்தானே உங்கள் பெயரே உள்ளே வந்தது! அப்படியானால் சொத்தை விற்றோ நகையை வைத்தோ கடனை முடித்து, தடையின்மைச் சான்று வாங்கிய பிறகுதான் ஒப்பந்தம் போட வேண்டும். பிஎம்இஜிபி போன்ற மானியக் கடனில் மானியத் தொகை மூன்று வருடம் வைப்பாக நிற்கும். அதற்குள் தொழில் கைமாறினால் மானியம் திரும்பப் போகும் ஆபத்து உண்டு. அப்பாவின் பழைய ஜிஎஸ்டி எண் ரிட்டர்ன் போடாமல் ரத்தானது என்றால் புதிய விண்ணப்பத்திலும் கேள்வி வரும். முதலில் அந்தப் பழைய பாக்கியைக் கட்டச் சொல்லுங்கள்.

எல்லைக்கோடு சார்ந்த விஷயம் ஒன்று. சரக்கு மட்டும் விற்பவருக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு விற்றுவரவு 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை, புதுச்சேரியில் அந்த வரம்பு 20 லட்சம்தான். சிறிய கடை என்றால், கடலூரில் அப்பா பதிவே இல்லாமல் நடத்தலாம். அதே கடை எல்லையிலுள்ள முள்ளோடைக்கு வடக்கே, புதுச்சேரியில் இருந்தால் முடியாமல் போகலாம்.

## வழி 3: கூட்டாண்மை அல்லது எல்எல்பி

"பார்ட்னர்ஷிப் ஆக்கிட்டா பாதிப் பொறுப்பு போயிடும்" என்பது தவறான எண்ணம். கூட்டாண்மையில் ஒவ்வொரு பங்காளியும் முழுப் பாக்கிக்கும் பொறுப்பு. கடன் கொடுத்தவர் அப்பாவை விட்டுவிட்டு உங்களிடமே முழுத் தொகையும் கேட்கலாம். பிறகு விலகுவதாக இருந்தால் நிறுவனப் பதிவாளருக்கு அறிவிப்பு, அரசிதழ், ஒரு தமிழ் நாளிதழ் என மூன்றிலும் பொது அறிவிப்பு வர வேண்டும். அதுவரை மூன்றாம் நபர்களுக்கு நீங்கள் பங்காளிதான். விலகியதை ஜிஎஸ்டி ஆணையருக்கு ஒரு மாதத்துக்குள் தெரிவிக்கவில்லை என்றால், தெரிவிக்கும் நாள் வரை வரிப்பொறுப்பு நீளும்.

எல்எல்பி (வரம்புள்ள பொறுப்புக் கூட்டாண்மை) கொஞ்சம் மேல். பொறுப்பு உங்கள் முதலீட்டோடு நிற்கும். ஆனால் வங்கி தனிப்பட்ட ஜாமீன் கேட்டால் அந்தச் சுவரிலும் ஓட்டை விழும். வருடத்துக்கு மே 30-க்குள் படிவம் 11, அக்டோபர் 30-க்குள் படிவம் 8 போட வேண்டும், தொழிலே நடக்காவிட்டாலும். அப்பாவுடன் தொடர்ந்து தொழில் செய்யவே விரும்புகிறவர்களுக்குத்தான் இது. வெளியேற நினைப்பவருக்கு இன்னொரு கதவைப் பூட்டிக்கொள்வது போல.

## வழி 4: நீங்களாகவே மூடுவது

அப்பா பிடிகொடுக்கவில்லை, பாக்கி ஏறிக்கொண்டே போகிறது என்றால் இது. பதிவுதாரர் நீங்கள் என்பது இங்கே உங்கள் பலம். அப்பாவின் கையெழுத்து எதற்குமே வேண்டாம்.

லாகின் கைக்கு வந்ததும் ஆர்இஜி-16 போடுங்கள். அன்று முதலே பதிவு இடைநிறுத்தப்பட்டதாகக் கருதப்படும். அந்த எண்ணில் வரி பில் போட முடியாது. விண்ணப்பத்தின் மேல் 30 நாளில் அதிகாரி முடிவு சொல்ல வேண்டும். ரத்து உத்தரவு வந்த பிறகு மூன்று மாதத்துக்குள் ஜிஎஸ்டிஆர்-10 என்ற இறுதி ரிட்டர்ன் போட வேண்டும். இதை மறப்பவர்கள் அதிகம். தாமதத்துக்கு ஒரு நாளைக்கு 200 ரூபாய், உச்சம் 10,000. இரண்டு பதிவு இருந்தால் இரண்டுக்கும் தனித்தனியாக. 33-ஐ ரத்து செய்துவிட்டு 34-ஐ மறந்தால், அது உங்கள் பெயரில் ஓடிக்கொண்டே இருக்கும்.

இருப்புச் சரக்கு யாரிடம் இருக்கிறது என்பது கவனிக்க வேண்டியது. முந்திரியை எடுத்துக்கொள்வோம். பண்ருட்டிப் பக்கம் விவசாயியிடம் தோலோடு முந்திரிக்கொட்டை வாங்கினால், விற்றவர் அல்ல, பதிவு பெற்ற வாங்கியவர்தான் எதிர்முறையில் 5 சதவீத வரி கட்ட வேண்டும். அதை வாங்கும் இடத்திலேயே மறந்துவிடுவது வழக்கம். பிறகு உடைத்த பருப்பைப் புதுச்சேரிக் கடைக்கு வேனில் ஏற்றுவார்கள். இரண்டுமே உங்கள் பான்தான் என்றாலும், சட்டத்தில் 33-உம் 34-உம் தனித்தனி ஆட்கள். முள்ளோடையைத் தாண்டும் ஒவ்வொரு மூட்டையும் மாநிலத்துக்கு இடையிலான விற்பனை. ஐஜிஎஸ்டி பில்லும், 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் இ-வே பில்லும் வேண்டும். மூடும் நாளில் கிடங்கு மூட்டைகளை எண்ணி, போட்டோ எடுத்து, பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குறைவாக இருந்தால் கணக்கில் வராத விற்பனை என்ற கேள்வி உங்களிடம்தான் வரும்.

வங்கியில் அவசரப்பட்டுக் கணக்கை மூடாதீர்கள். வெளியே உள்ள செக்குகள் "கணக்கு முடிக்கப்பட்டது" என்று திரும்பினாலும் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-ஆம் பிரிவில் செக் வழக்கு வரும். "ஸ்டாப் பேமெண்ட்" கொடுத்தாலும் வரலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நீங்களே மனமாரக் கொடுத்த வெற்றுக் கையெழுத்துச் செக்கை வேறொருவர் நிரப்பினாலும் கடனுக்காகக் கொடுத்ததென்ற அனுமானம் நிற்கும், பொய்யென்று நிரூபிக்கும் சுமை உங்கள் மேல். செய்ய வேண்டியது இது: அப்பாவின் அதிகாரத்தை எழுத்தில் ரத்து செய்து வங்கி முத்திரையோடு நகல் வாங்குங்கள், பயன்படுத்தாத செக் எண்களைத் திரும்பக் கேட்டு அப்பாவுக்கு ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்புங்கள், வழக்கமான சப்ளையர்களுக்கு "இன்ன தேதிமுதல் என் பெயரில் சரக்குக் கொடுக்க வேண்டாம்" என்று தனித்தனியாகக் கடிதம் போடுங்கள். அதிகாரம் ரத்தானது அவர்களுக்குத் தெரியும் வரை அப்பா வாங்கிய சரக்குக்கு நீங்களே பொறுப்பு. நாளிதழ் விளம்பரம் கூடுதல் பாதுகாப்பு, கடிதத்துக்கு மாற்று அல்ல.

செக் திரும்பி நோட்டீஸ் வந்துவிட்டால் பணம் கட்ட 15 நாள்தான். அந்த நாட்களில் அப்பாவோடு வாதாடிக்கொண்டிருக்காமல் வக்கீலைப் பாருங்கள்.

இந்த வழியின் வீட்டுச் செலவு பெரியது. தம் வருமானத்தில் வாழ முடியாத பெற்றோர், 60 வயது ஆகாவிட்டாலும், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் ஜீவனாம்சம் கேட்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை உத்தரவு வரும். 60 வயதைத் தாண்டிய அப்பா, தன்னைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு கடைக் கட்டடத்தை உங்களுக்கு எழுதி வைத்திருந்தால், அதையும் அங்கே ரத்து செய்யக் கேட்கலாம்.

## வழி 5: வழக்கு, காவல் புகார்

இதில் மூன்று தட்டு உண்டு. முதல் தட்டு சமரசம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முன்பே மனு கொடுக்கலாம். லோக் அதாலத்தில் முடிந்தால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உதவி உண்டு. 15100 எண்ணில் விசாரிக்கலாம். அப்பாவை நேரில் மடக்குவதைவிட, ஒரு மூன்றாம் மனிதர் முன்னால் "எந்தத் தேதியில் மாற்றித் தருவீர்கள்" என்று கேட்க வைப்பது பல வீடுகளில் வேலை செய்யும்.

இரண்டாவது சிவில் வழக்கு: உங்கள் பெயரைப் பயன்படுத்தத் தடை உத்தரவு, கணக்கு ஒப்படைக்கக் கோரிக்கை. உங்கள் முகவரான அப்பா கணக்கு காட்டக் கடமைப்பட்டவர். கேட்டு மறுத்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். ஆகவே கேட்பதை எழுத்தில் கேளுங்கள்.

மூன்றாவது காவல் நிலையம். உங்கள் கையெழுத்தை அப்பாவே போட்டிருந்தால் போலி ஆவணம், உங்கள் ஆதாரையும் கடவுச்சொல்லையும் தெரியாமல் பயன்படுத்தியிருந்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி. ஆனால் ஓடிபியை நீங்களே போனில் படித்துச் சொல்லியிருந்தால் "தெரியாது" என்பது நிற்காது. போலி ஆவண வழக்கைப் பதிவான பிறகு வீட்டோடு சமாதானமாகித் திரும்பப் பெறக் கீழ் நீதிமன்றத்தில் முடியாது, உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். கையெழுத்து நிஜமாகவே உங்களுடையது இல்லை, கோடிக்கணக்கில் போலி பில் ஓடியிருக்கிறது என்ற நிலையில் மட்டும் இந்தக் கதவைத் தட்டுங்கள். அப்போது தாமதிக்கவும் கூடாது, ஏனென்றால் புகார் கொடுத்த தேதியே உங்களுக்குச் சாட்சி. போலி பில் வழக்கில், பின்னால் இருந்து நடத்தி ஆதாயம் எடுத்தவர் மேலும் அபராதம் போட ஜிஎஸ்டி சட்டத்தில் 122(1ஏ) இருக்கிறது.

பினாமிச் சட்டத்தை ஆயுதமாக நினைப்பவர்கள் உண்டு. கணக்கில் வந்த பணத்தில் பிள்ளை பெயரில் சொத்து வாங்கினால் அது பினாமியே ஆகாது. கணக்கில் வராத பணம் என்றால் பினாமிதாரர் என்ற முறையில் முதல் நோட்டீஸ் உங்களுக்கே வரும். அதே குற்றத்துக்கு ஒன்று முதல் ஏழு வருடம் வரை சிறை.

| வழி | புதிய பாக்கி நிற்கும் தேதி | அப்பா சம்மதம் | கைவிட்டுப் போவது |
|---|---|---|---|
| 1. கடிவாளம் | நிற்காது, கண்காணிக்கலாம் | வேண்டும் | வரி அடுக்கு, வீட்டுக்கடன் தகுதி |
| 2. அப்பாவுக்கு மாற்றம் | மாற்று ஒப்பந்தத் தேதி | வேண்டும் | மானியம் போகலாம் |
| 3. எல்எல்பி | உங்கள் எண் ரத்தாகும்வரை நிற்காது | வேண்டும் | ஆண்டுச் செலவு, ஜாமீன் |
| 4. மூடுதல் | ஆர்இஜி-16 போட்ட நாள், சப்ளையருக்கு மட்டும் கடிதம் சேர்ந்த நாள் | வேண்டாம் | உள்ளீட்டு வரி, உறவு |
| 5. வழக்கு | இடைக்கால உத்தரவு வரும் நாள் | வேண்டாம் | காலம், உறவு |

எங்கள் கணிப்பில், அப்பா சம்மதித்தால் வழி 2, சம்மதிக்காவிட்டால் வழி 4. வழி 1-ஐ ஆறு மாதத்துக்கு மேல் நீட்டுவதாக இருந்தால் மேலே சொன்ன அடமானம் இல்லாமல் நீட்ட வேண்டாம். நீங்கள் அரசுப் பணிக்குத் தேர்வாகியிருந்தால் வழி 1-உம் வழி 3-உம் உங்களுக்குக் கிடையாது. முன் அனுமதி இல்லாமல் தொழில் நடத்த நடத்தை விதிகள் விடாது. சேரும் தேதிக்கு முன்பே ரத்து உத்தரவு கையில் இருக்க வேண்டும்.

சிறு வயதிலேயே கூட்டாண்மையில் உங்கள் பெயரைச் சேர்த்திருந்தால் கணக்கு வேறு. 18 முடிந்த நாளிலிருந்தோ, அது உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்தோ, எது பிந்தியதோ அதிலிருந்து ஆறு மாதத்துக்குள் "பங்காளியாக மாட்டேன்" என்று பொது அறிவிப்பு கொடுக்கலாம். கொடுக்காமல் விட்டால் தானாகப் பங்காளி ஆகிவிடுவீர்கள், உங்களைச் சேர்த்த நாளிலிருந்தே உள்ள பொறுப்போடு. தனியார் கம்பெனியில் இயக்குநராக்கியிருந்தால் கம்பெனிக்கு எழுத்தில் ராஜினாமா கொடுத்து, அது சேர்ந்ததற்குச் சான்று வையுங்கள். உங்கள் விலகலைப் பதிவாளருக்குச் சொல்லும் டிஐஆர்-12 படிவத்தைக் கம்பெனி போடாமல் இழுத்தால் நீங்களே டிஐஆர்-11 போட்டுக்கொள்ளலாம்.